காற்றடிக்கும் காலமும் கரண்ட் வேண்டிய நேரமும்

2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதுவரை காணாத உச்சம் அது. அதற்கு இரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 30 அன்று, மாநிலம் ஒரே நாளில் 45 கோடி யூனிட்டுக்கு மேல் செலவழித்திருந்தது. அக்னி நட்சத்திரம் பிறக்கக்கூட இல்லை. அதற்குள் வீடுகளில் ஏசி இரவு பகலாக ஓடத் தொடங்கிவிட்டது.

இன்று தமிழ்நாட்டில் காற்றாலைகளையும் சோலார் நிலையங்களையும் மட்டும் கூட்டினாலே நிறுவுதிறன் 20,000 மெகாவாட்டைத் தாண்டுகிறது. கணக்குப்படி அந்த உச்சத் தேவையை இவை இரண்டும் ஏறக்குறைய ஈடுகட்ட வேண்டும். நடப்பது வேறு. கோடை மாலை ஏழு மணிக்கு மின்வாரியம் மின்சந்தையின் வாசலில் நிற்கிறது. 2022 ஏப்ரலில் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் சந்தை விலைக்கு யூனிட்டுக்கு 12 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. ஓராண்டு கழித்து அதை 10 ரூபாயாகக் குறைத்தது. தட்டுப்பாடு உள்ள மாலைகளில் விலை அந்த வரம்பிலேயே போய் முட்டி நிற்கும். அதே நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு அதே சந்தையில் மின்சாரம் மலிவாகக் கிடைத்திருக்கும்.

‘எத்தனை மெகாவாட்’ என்பதை வைத்துத்தான் திறப்பு விழாக்களும் சட்டமன்ற அறிக்கைகளும் பேசுகின்றன. எந்த மாதத்தில், எத்தனை மணிக்கு என்ற கேள்வியை யாரும் எழுப்புவதில்லை. தமிழ்நாட்டின் தொண்ணூறு ஆண்டு மின்சார வரலாற்றை இந்த இரண்டாவது கேள்வியோடு படித்தால்தான் பல முடிச்சுகள் அவிழும்.

தொடக்கம் நீலகிரியில். 1929-ல் பைக்காரா திட்டத்தின் வேலை ஆரம்பித்தது. 1932-ல் மின்சாரம் வந்தது. சென்னை மாகாணத்தின் முதல் பெரிய நீர்மின் திட்டம் இது. கிளென்மார்கனிலிருந்து சிங்காரா மின்நிலையத்துக்குத் தண்ணீர் குழாய் வழியே மூவாயிரம் அடிக்கு மேல் செங்குத்தாக இறங்குகிறது. அந்தச் சரிவில் ஊழியர்கள் ஏறி இறங்க மின்வாரியம் போட்ட வின்ச் வண்டி பலருக்குத் தெரிந்திருக்கும். சிங்காராவில் வேலை முடித்து வெளியேறும் தண்ணீரை வைத்தே பின்னர் மாயாறு மின்நிலையம் கட்டினார்கள். பைக்காரா மின்சாரம் முதலில் மாற்றிப்போட்ட ஊர் கோயம்புத்தூர். பருத்தி இருந்தது, ஆள் இருந்தது; மலிவான மின்சாரமும் சேர்ந்ததும் 1930-களில் பஞ்சாலைகள் வரிசையாக எழுந்தன. ஆலைக்கு வந்த மின்சாரம் தோட்டத்துக் கிணற்றுக்கும் போனது. மோட்டார், பம்பு செய்யும் தொழில் அந்த ஊரில் ஊன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிறகு 1937-ல் மேட்டூர், 1944-ல் பாபநாசம், சுதந்திரத்துக்குப் பின் மாயாறு, பெரியாறு, குந்தா. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடு கட்டப்பட்ட குந்தா ஒரு சிக்கன அதிசயம். அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி அணைகளில் தேங்கும் தண்ணீர் குந்தாவில் ஒருமுறை, கெத்தையில் ஒருமுறை, பரளியில் ஒருமுறை, பில்லூரில் ஒருமுறை என்று மலை இறங்கும் வழியெல்லாம் மின்சாரம் தந்துவிட்டுப் பவானியில் கலக்கிறது. ஒரே தண்ணீருக்கு நாலு இடத்தில் வேலை.

நீர்மின்சாரத்தின் பெரிய குணம், நினைத்த நிமிடத்தில் திறக்கலாம், நினைத்த நிமிடத்தில் மூடலாம் என்பது. ஆனால் எல்லா அணைகளுக்கும் அந்தச் சுதந்திரம் இல்லை. மேட்டூரில் மின்சாரம் எப்போது கிடைக்கும் என்பதை டெல்டாவின் பயிர்தான் தீர்மானிக்கிறது. பாசனத்துக்குத் திறந்தால்தான் சுழலி ஓடும். லோயர் கேம்ப்பில் உள்ள பெரியாறு மின்நிலையமும் அப்படியே, கம்பம் பள்ளத்தாக்குக்கும் மதுரைப் பக்கத்துக்கும் போகும் தண்ணீரின் போக்கில் மின்சாரம் எடுக்கிறது. இத்தனைக்கும் சேர்த்து மாநிலத்தின் நீர்மின் திறன் சுமார் 2,300 மெகாவாட். மழை பொய்த்தால் அதுவும் பாதிக்குப் பாதி. நீரை நம்பிய மாநிலம் மின்வெட்டைப் பார்த்துவிட்டுத்தான் நிலத்துக்கு அடியில் தேடப் போனது.

தேடியதற்கு நெய்வேலியில் விடை கிடைத்தது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டபோது நீரோடு கரிய பொருள் மேலே வந்தது. அது பழுப்பு நிலக்கரி என்று பின்னர் உறுதியானது. தம் நிலத்தையே அவர் திட்டத்துக்குக் கொடுத்தார். 1956-ல் சுரங்க நிறுவனம் உருவானது, 1957-ல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார், சோவியத் உதவியுடன் கட்டிய முதல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1962-ல் ஓடியது. அந்த 600 மெகாவாட் நிலையம் 2020 வரை உழைத்தது. அதன் இடத்தை இப்போது 1,000 மெகாவாட் புதிய நிலையம் எடுத்துக்கொண்டிருக்கிறது.

நெய்வேலிக் கரி சொகுசான எரிபொருள் இல்லை. அதன் எடையில் பாதிக்குப் பாதி ஈரம். அதை ரயிலில் ஏற்றித் தூரத்துக்குக் கொண்டுபோவது தண்ணீருக்குக் கூலி கொடுப்பதற்குச் சமம். அதனால்தான் சுரங்கத்தின் வாசலிலேயே மின்நிலையம் கட்ட வேண்டியிருந்தது. கரிப் படுகைக்கு மேலே பல பத்து மீட்டர் மண். அதைத் தொட்டிச் சக்கர ராட்சத இயந்திரங்கள் இரவு பகலாக வழித்துப் போட்டாக வேண்டும். படுகைக்குக் கீழேயோ அழுத்தத்தில் இருக்கும் ஊற்று நீர். அதைச் சுற்றிலும் போட்ட ஆழ்குழாய்களால் இடைவிடாமல் இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். இப்படி இறைத்த நீரில் ஒரு பகுதி மின்நிலையத்துக்கும் சென்னையின் குடிநீருக்கும் போகிறது. சுற்றியுள்ள ஊர்களில் கிணறுகள் இறங்கிப் போனதற்கும் விவசாயிகள் இதையே காரணம் காட்டுகிறார்கள்.

2023 ஜூலையில் நெய்வேலிச் சுரங்கத்தை ஒட்டிய வளையமாதேவியில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்ட, கதிர் பிடிக்கும் நிலையில் நின்ற நெல்வயலுக்குள் பொக்லைன்கள் இறங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தியதுதான் என்றது நிறுவனம். அறுவடைக்கு இன்னும் இரண்டு மாதம் பொறுக்க முடியாதா என்று கேட்டது உயர் நீதிமன்றம். நெய்வேலி மின்சாரத்தில் பங்கு பெறும் கேரளம், கர்நாடகம், ஆந்திரம் எதுவும் அந்த வயலைப் பார்க்கவில்லை, சென்னையும் பார்க்கவில்லை.

பழுப்பு நிலக்கரி உண்டு என்றாலும், மற்ற நிலக்கரிக்குத் தமிழ்நாட்டில் ஒரு சுரங்கமும் கிடையாது. ஒடிசாவின் தால்ச்சேரில் வெட்டிய கரி ரயிலேறிப் பாரதீப் துறைமுகம் வந்து, அங்கிருந்து கப்பலேறி எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வருகிறது. இந்தப் போக்குவரத்துக்காகவே பூம்புகார் கப்பல் கழகம் என்ற அரசு நிறுவனம் 1974-ல் பிறந்தது. அண்ணா, பெரியார், காமராஜர் பெயர்களைத் தாங்கிய கப்பல்கள் வைத்திருந்தது. 2001-ல் திறந்த எண்ணூர் துறைமுகமும் முதலில் வடசென்னை அனல்மின் நிலையத்தின் கரிக்காகத்தான். தூத்துக்குடி, மேட்டூர், வடசென்னை மூன்றிலும் சேர்த்து வாரியத்தின் சொந்த அனல் திறன் 4,320 மெகாவாட். 2024 மார்ச்சில் வடசென்னையில் 800 மெகாவாட் அலகு ஒன்றும் சேர்ந்தது. வல்லூரிலும் தூத்துக்குடியிலும் மத்திய நிறுவனங்களோடு கூட்டு நிலையங்கள் வேறு.

கரியின் நன்மை எளிது: அது கிடைக்கும் வரை இரவிலும் எரியும், மழையிலும் எரியும். அதன் விலையைக் கொசஸ்தலை ஆற்றங்கரையில் பார்க்கலாம். சாம்பலைத் தண்ணீரில் கலந்து குழம்பாக்கிக் குழாயில் ஏரிக்கு அனுப்புகிறார்கள். குழாய் துருப்பிடித்து ஒழுகிய இடங்களில் கழிமுகத்தின் அடியில் சாம்பல் படிந்து, இறால் தடவிப் பிடித்த ஆற்றில் கை வைத்தால் சிமெண்ட் போன்ற சேறு வருகிறது. எண்ணூர் மீனவர்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய்விட்டார்கள். வழக்குகள் நடக்கின்றன, குழாய்களும் ஒழுகுகின்றன.

எரிவாயுவைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. காவிரிப் படுகையிலும் ராமநாதபுரத்திலும் கிடைக்கும் வாயுவை வைத்துத் திருமாக்கோட்டை, குத்தாலம், வழுதூரில் சிறு நிலையங்கள். சென்னை பேசின் பிரிட்ஜில் ஒன்று. எல்லாம் சேர்த்து 516 மெகாவாட். சர்க்கரை ஆலைகள் கரும்புச் சக்கையை எரித்துத் தரும் மின்சாரமும் அரவைக் காலத்தோடு சரி.

அணுமின்சாரத்தில் தமிழ்நாட்டுக்கு இரண்டு முகம். கல்பாக்கத்தில் 1984-லும் 1986-லும் இயங்கத் தொடங்கிய 220 மெகாவாட் அணு உலைகள் உள்நாட்டுப் பொறியாளர்களின் கைவண்ணம், சத்தமின்றி வந்தவை. கூடங்குளமோ 1988-ல் ராஜீவ் காந்தியும் கொர்பசேவும் கையெழுத்திட்டது. சோவியத் ஒன்றியமே கலைந்துபோய், வேலை தள்ளிப்போய், முதல் உலை தயாரான நேரத்தில் ஃபுக்குஷிமா வெடித்தது. 2011-லிருந்து இடிந்தகரைப் போராட்டப் பந்தலில் மக்கள் உட்கார்ந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் மேல் தேசத்துரோகம் உட்பட வழக்குகள் பாய்ந்தன. 2013 அக்டோபரில் முதல் உலை மின்தொகுப்பில் இணைந்தது, 2016-ல் இரண்டாவது. ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட். பாதிக்கு அருகில் தமிழ்நாட்டின் பங்கு. ஓடும்போது மாதக்கணக்கில் சீராக ஓடும். எரிபொருள் மாற்றவோ பழுது பார்க்கவோ நின்றால் ஒரேயடியாக ஆயிரம் மெகாவாட் விழும்.

காற்றுக்கு வருவோம். தமிழ்நாடு உண்மையிலேயே முன்னோடி என்று சொல்லிக்கொள்ளத் தகுந்த துறை இதுதான். மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு நீண்ட சுவர் என்றால் அதில் நாலு வாசல்கள்: ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு. தென்மேற்குப் பருவக்காற்று இந்த இடுக்குகளில் நெருக்கிக்கொண்டு புகும்போது வேகம் கூடுகிறது. மே மாதம் பிறந்து செப்டம்பர் வரை வீசும் இந்தக் காற்றை 1986-ல் முள்ளக்காட்டில் அரசு நிறுவிய மாதிரிக் காற்றாலைகள் முதலில் பிடித்தன. கயத்தாறும் முப்பந்தலும் பின்தொடர்ந்தன. டென்மார்க்கின் உதவியும் கிடைத்தது. தொண்ணூறுகளில் காற்றாலைச் செலவு முழுவதையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் இடம் கொடுத்தது. ஈரோடு, கோவை, ராஜபாளையம் நூற்பாலைகள் விடுமா? முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலைச் சுற்றிலும் இறக்கைகள் முளைத்தன. சில முதலாளிகள் காற்றைவிட வரியைத்தான் அறுவடை செய்தார்கள் என்று அப்போதே பேச்சு உண்டு. அதில் உண்மை இருந்தாலும் அந்தக் கணக்குதான் மாநிலத்துக்கு ஒரு தொழிலையே கொடுத்தது.

நூற்பாலைகளுக்கு இன்னொரு சலுகை, ‘பேங்கிங்’. ஆடிக் காற்றில் தன் காற்றாலை உற்பத்தி செய்த உபரியை ஆலை வாரியத்திடம் போட்டுவைத்து, காற்று ஓய்ந்த மாதத்தில் எடுத்துக்கொள்ளலாம். வாரியத்துக்கு இது நெடுநாள் வயிற்றெரிச்சல். காற்று கொட்டும் மாதத்தில் மின்சாரம் மலிவு. அப்போது வரவு வைத்துக்கொண்டு, தட்டுப்பாடான மாதத்தில் விலை கொடுத்து வாங்கித் திருப்பித் தர வேண்டியிருக்கிறது. ஆலைகளோ இந்த உறுதியை நம்பித்தான் கோடிகளைப் போட்டோம் என்கின்றன. இரு பக்கமும் நீதிமன்றம் ஏறி இறங்கிய இந்தச் சண்டையின் வேர், சேமித்து வைக்க இடமில்லாத பொருளைச் சேமித்ததாகக் கணக்கு எழுதியதில் இருக்கிறது.

2022 ஜூலையில் ஒரே நாளில் காற்றாலைகள் 12 கோடி யூனிட் கொடுத்தன. அன்றைய தேவையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆண்டு முழுவதற்கும் சராசரி பார்த்தாலோ நிறுவுதிறனில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் நிற்கும். மார்ச் மாதத்தில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு விசிறி சுற்ற வேண்டிய நேரத்தில் முப்பந்தல் இறக்கைகள் தூங்கும்.

இந்தப் பொருத்தமின்மை உச்சம் தொட்டது 2008-க்கும் 2014-க்கும் இடையில். தேவை ஏறியது, புதிய அனல் நிலையங்கள் தாமதமாயின, சென்னைக்கு வெளியே 2012-ல் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் மின்வெட்டு. ஊருக்கு ஊர் இன்வெர்ட்டர் கடை முளைத்தது. கோவை, திருப்பூர் சிறுதொழில்கள் டீசல் ஜெனரேட்டரில் நொடிந்தன. 2011 தேர்தலில் ஆட்சி மாறியதில் மின்வெட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த நெருக்கடியிலும் காற்றுக் காலத்தில் தென்மாவட்டக் காற்றாலைகள் சிலவற்றை நிறுத்தச் சொன்னார்கள். அங்கிருந்து மின்சாரத்தை மேலே கொண்டுவரப் போதிய 400 கிலோவோல்ட் பாதை இல்லை. வடநாட்டில் உபரி இருந்தும் வாங்க முடியவில்லை. தென்மாநிலத் தொகுப்பு நாட்டின் பொதுத் தொகுப்போடு ஒத்திசைந்து இணைந்தது 2013 டிசம்பர் 31 அன்றுதான், ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாக. பின்னர் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டத்துப் புகளூர் வரை 6,000 மெகாவாட் தாங்கும் உயர் மின்னழுத்த நேர்மின் பாதையும் வந்தது. இத்தகைய உயர் அழுத்தக் கோபுரங்கள் தங்கள் தோட்டத்தில் கால் ஊன்றியதை எதிர்த்துக் கொங்குப் பகுதி விவசாயிகள் மாதக்கணக்கில் போராடியது தனிக்கதை.

சூரியன் கடைசியாக வந்தாலும் வேகமாக வந்தது. 2016-ல் கமுதியில் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சோலார் நிலையம் எட்டே மாதத்தில் எழுந்தது; ஒரே இடத்தில் அமைந்தவற்றில் அன்று உலகிலேயே பெரியது. வாரியம் அதற்கு ஒப்புக்கொண்ட விலை யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு. அடுத்த ஆண்டே வாரியம் கோரிய ஏலத்தில் விலை 3 ரூபாய் 47 காசுக்கு இறங்கியது. ஓராண்டு பொறுத்திருந்தால் பாதி விலை. கமுதி ஒப்பந்தமோ 25 ஆண்டுக்கு. அவசரத்தின் விலையை யார் கட்டுகிறார்கள் என்று மின்கட்டண ரசீதைப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். 2025-ல் மாநிலத்தின் சோலார் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது.

விளைவு, பகல் நேரப் பற்றாக்குறை பெரும்பாலும் மாலைக்கு இடம் பெயர்ந்துவிட்டது. ஐந்து மணிக்குப் பிறகு சோலார் சரசரவென்று இறங்குகிறது. வீடு திரும்புகிறவர்கள் விளக்கும் ஏசியும் போடுகிறார்கள். இந்த இரண்டு மணி நேர இடைவெளியை நிரப்ப அனல் நிலையங்கள் தயாராக இருக்க வேண்டும். ஆனால் கொதிகலனை ஸ்விட்ச் போட்டு அணைத்து எரிக்க முடியாது. பகலிலும் ஏறத்தாழ 55 சதவீதத் திறனிலாவது ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் நல்ல வெயிலில் மலிவான சூரிய மின்சாரத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டுக் கரியை எரிக்கும் நிலையும் வருகிறது.

இதற்கு இரண்டு வழிகள் கண்ணெதிரே உள்ளன. ஒன்று, தேவையையே பகலுக்கு நகர்த்துவது. தமிழ்நாட்டில் 23 லட்சத்துக்கு மேல் விவசாய மின் இணைப்புகள். 1984-ல் சிறு விவசாயிகளுக்கும் 1990-ல் எல்லோருக்கும் இலவசமானவை. மும்முனை மின்சாரத்தைப் பகலில் ஆறு மணி நேரம், இரவில் மூன்று மணி நேரம் என்று பிரித்துக் கொடுத்த காலத்தில், நள்ளிரவில் டார்ச்சோடு வரப்பில் போய் மோட்டார் போட்டுப் பாம்புக்கடி பட்டவர்கள் உண்டு. இந்தச் சுமையை முழுக்க வெயில் நேரத்துக்கு மாற்றினால் விவசாயிக்கும் நிம்மதி, வாரியத்துக்கும் லாபம். ஊரகத்தில் விவசாயத்துக்கென்று தனி பீடர் பிரிக்காமல் இது நடக்காது. அந்த வேலை மெத்தனமாகவே போகிறது.

இன்னொன்று சேமிப்பு. வால்பாறை மலையில் காடம்பாறை நிலையம் 1987-லிருந்து இதைச் செய்து காட்டுகிறது. மலையைக் குடைந்த சுரங்க அறைக்குள் நூறு மெகாவாட் இயந்திரங்கள் நாலு. தேவை ஏறும்போது காடம்பாறை அணையின் தண்ணீர் இறங்கி அவற்றைச் சுழற்றி மேல் ஆழியாறு அணையில் சேர்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது அதே இயந்திரங்கள் எதிர்த் திசையில் சுழன்று அந்தத் தண்ணீரை மேலே ஏற்றுகின்றன. நாலு யூனிட் செலவழித்தால் மூன்று யூனிட் திரும்பக் கிடைக்கும் என்பது இத்தகைய நிலையங்களின் பொதுக்கணக்கு. கட்டியபோது நள்ளிரவில் அனல் நிலையங்களின் உபரியைக் கொண்டு ஏற்றுவதுதான் திட்டம். இன்று நண்பகல் வெயிலும் ஆடிக் காற்றும் அந்த உபரியைத் தருகின்றன. காற்றாலை இன்னும் மாதிரித் திட்டமாக இருந்த காலத்தில் கட்டியது, இன்றைய நோய்க்குச் சரியான மருந்தாக அமைந்துவிட்டது.

அப்படிப்பட்ட நிலையம் தமிழ்நாட்டில் நாற்பது ஆண்டுக்கு ஒன்றே ஒன்றுதான் என்பது வெட்கப்பட வேண்டிய விஷயம். குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்று நிலையத்தின் வேலை குறித்த கெடுக்களையெல்லாம் தாண்டி இழுத்துக்கொண்டு போனது. மின்கலச் சேமிப்புக்கு இப்போதுதான் டெண்டர்கள் வருகின்றன. மன்னார் வளைகுடாவில் கடல் காற்றாலை அமைக்க 2024-ல் மத்திய அமைச்சரவை தமிழ்நாட்டுக்கு 500 மெகாவாட் அளவுக்கு நிதியுதவி ஒப்புக்கொண்டிருக்கிறது. நல்லதுதான், ஆனால் அதுவும் காற்று.

வாரியம் 2010-ல் இரண்டாக உடைந்தது, 2024-ல் உற்பத்திக்கும் பகிர்மானத்துக்கும் பசுமை எரிசக்திக்கும் தனித்தனி நிறுவனங்களாயிற்று. பெயர்ப்பலகை மாறினாலும் லட்சம் கோடியைத் தாண்டிய கடன் கூடவே வந்திருக்கிறது. அந்தக் கடனில் மாலை நேரக் கொள்முதலுக்கு ஒரு பங்கு உண்டு. இனி மின்துறை அமைச்சர் யாராக இருந்தாலும், புதிய சோலார் பூங்காவின் மெகாவாட் எண்ணைச் சொல்லும்போது அதோடு ஒன்றையும் சேர்த்துச் சொல்லட்டும்: அதில் எத்தனை யூனிட் மாலை ஏழு மணிக்குக் கிடைக்கும்? அந்த எண்ணைச் சட்டமன்றத்தில் கேட்டு வாங்க வேண்டியது உறுப்பினர்களின் வேலை. அவர்களிடம் கேட்க வேண்டியது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கட்டணம் கட்டுகிற நம் வேலை.